இடது கைகள்

மூன்றாவது இடது கையும் அச்சோடு பொருந்தவில்லை.

றிஸ்லா அதைப் பிடிப்பிலிருந்து கழற்றி, ஒட்டுப்பலகை அச்சின் மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். சாய்மனைக் கதிரையின் கை அது. தோள் பக்கம் அகலமாகத் தொடங்கி, நடுவில் மெலிந்து, நுனியில் உள்ளங்கை வைத்துக்கொள்ள வாகாக உருண்டு முடிய வேண்டும். அச்சு ஒன்றுதான். நேரே வைத்து வரைந்தால் வலது கை, புரட்டிப்போட்டு வரைந்தால் இடது கை. அன்றுவரை செதுக்கியதில் வலது கைகள் மூன்றும் மயிரிழை பிசகாமல் வந்திருந்தன. இடது கைகள்தான் நுனிப் பக்கம் உள்ளே மடங்கின. முதலாவது ஒரு நூல் அளவு. இரண்டாவது ஒரு விரல் அளவு. இப்போது கையிலிருப்பது இரண்டு விரல்.

குனிந்து, வெட்டிக் கழித்த துண்டைத் தேடி எடுத்தாள். அது அச்சின் வளைவிலேயே இருந்தது. வாள் சரியாகத்தான் போயிருக்கிறது. அப்படியென்றால் பலகையிலிருந்து பிரிந்த பிறகுதான் இந்தக் கை வளைந்திருக்கிறது.

நாவுலப் பக்கத்திலிருந்து வந்த பலா மரம், சரியாகக் காயவில்லை, மழை மாதம் வேறு. தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு, உள்பக்கத்தைச் சீவி வளைவை மறைத்தாள். மஞ்சள் சுருள்கள் அவளுடைய வெள்ளைச் சேலையில் விழுந்து ஒட்டிக்கொண்டன.

கணவன் மௌத்தாகி, அவள் இத்தாக் காவல் இருக்கத் தொடங்கி மூன்றாவது மாதம். மாத்தளை டவுனிலிருந்து றத்தோட்டைக்குப் போகும் வீதியை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. வெளியே போக முடியாது, அந்நிய ஆண்களின் முன்னால் வர முடியாது. கதிரைக் கடைக்காரன் பலீல் பலகைகளை வாசலில் வைத்துவிட்டுப் போவான். அவள் சமையலறைக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறையில், கணவன் ஸுஹைலின் ஆயுதங்களை வைத்து அவற்றைக் கைகளாகச் செதுக்குவாள். முதலில் வளைவு வாள். பிறகு இரண்டு பக்கமும் பிடி உள்ள சீவுகத்தி, நெஞ்சை நோக்கி இழுக்க இழுக்க மரம் தோல் உரிப்பது போல உரியும். கடைசியாக அரம்.

வேலை ஸுஹைல் சொல்லிக் கொடுத்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன்னர் அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது வேலை முழுவதும் அவள் கைக்கு வந்தது. அவனுடைய இடது கை முழங்கையில் மடங்கி, மணிக்கட்டில் மடங்கி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பேச்சு போய்விட்டது. அவளைக் கூப்பிட நினைத்தால் அவள் பெயரின் முதல் ஒலி மட்டும் தொண்டையில் உராய்ந்தபடி வரும். ற்ற்… ற்ற்…

கிட்டத்தட்ட அரம் மரத்தில் ஓடுகிற சத்தம்.

அஸர் தொழுகைக்கு முன்னால் மஸீனா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். ஸுஹைலின் மூத்த சகோதரி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். இத்தா தொடங்கிய நாள் முதல் ஒரு நாள் தவறாமல் வருவாள், வந்தால் சுற்றி வளைத்துக் கடைசியில் அந்த ஒரு விஷயத்துக்குத்தான் வந்து நிற்பாள். தம்பி போன அன்று அவள் ஊரில் இல்லை. தம்புள்ளையில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். அதை அவளால் இன்னும் செரிக்க முடியவில்லை.

"கடைசில ஒண்ணும் கேக்கல்லயா புள்ள? தண்ணியாவது?"

"தூங்கிட்டிருந்தாரு மச்சி. நான் போய்ப் பார்க்கச்சே முடிஞ்சிருந்திச்சு."

"தூக்கத்துலயே எடுத்துக்கிட்டான். அல்ஹம்துலில்லாஹ். அத நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருது."

றிஸ்லா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இந்தப் பதிலை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடச் சுலபமாக வருகிறது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மஸீனா எழுந்து போகும்போது பட்டறை வாசலில் நின்று, மேசையில் கிடந்த இடது கையை யோசனையில்லாமல் தடவினாள். தடவிய விரல்கள் நுனியில் வந்து நின்றன. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டு கைகளும் முடிந்து கடைக்குப் போன பத்தாம் நாள், பலீல் ஆறு இடது கைகளையும் திருப்பிக் கொண்டுவந்தான். கதவுத் திரைக்கு வெளியே நின்று, சங்கடத்தோடு தொண்டையைச் செருமினான்.

"ராத்தா, கோவிச்சுக்க வேணாம். கதிரையில பூட்டுறப்போ நேராத்தான் ஈக்கி. விடிஞ்சு பார்த்தா உள்ளுக்கு வளைஞ்சிருக்கு. எங்கட தச்சு பாஸ் ஒண்ணுல உக்காந்து பார்த்தாரு. எழும்ப ஏலாமப் போச்சு. இடுப்பச் சுத்திப் புடிச்ச மாதிரி எண்டு சொல்றாரு."

ஈர மரம் என்றாள் றிஸ்லா. தானும் அப்படித்தான் நினைப்பதாக அவன் சொன்னான். சரிப்படுத்தித் தந்தால் எடுத்துக்கொள்வான், இல்லாவிட்டால் இனி அவளிடம் பலகை கொடுக்க வேண்டாம் என்று கடை முதலாளியான தன் வாப்பா சொல்லியிருக்கிறார் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் வீதிக்குப் போய் மறைந்த பிறகுதான் அவள் திரையை விலக்கினாள்.

சாக்கின் மேல் ஆறும் கிடந்தன. ஒன்றும் அவள் அனுப்பிய வடிவத்தில் இல்லை. நடுவில் ஒரு மடிப்பு. நுனிக்குச் சற்று முன்னால் இன்னொரு மடிப்பு. உருண்டை நுனி உள்நோக்கித் திரும்பி, எதையோ மூடி வைத்திருப்பது போல.

அந்த மடிப்புகள் அவளுக்குத் தெரியும். மய்யித்தைக் குளிப்பாட்டியபோது ஸுஹைலின் கையை நிமிர்த்தப் பார்த்துவிட்டு, மஸீனாவின் கணவர் அப்துல் ஸமத் வேண்டாமென்று விட்டுவிட்டார். மடங்கிய கையோடுதான் கபன் சுற்றினார்கள். நெஞ்சின் மேல் வெள்ளைத் துணிக்குள் ஒரு மேடு தெரிந்தது.

மூன்று நாள் அவற்றைத் தொடாமல் இருந்தாள். நாலாம் நாள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி வைத்தாள். இந்த வேலையும் போனால் இத்தா முடியும்வரைக்கும் மஸீனாவின் பாத்திரத்தை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அவளிடம் பொய் சொல்லிக்கொண்டு அவள் சோற்றைத் தின்ன வேண்டும். வளைந்த மரத்தை ஆவியில் வைத்தால் இளகும், சூட்டோடு நிமிர்த்தி இறுக்கிக் கட்டினால் அப்படியே நிற்கும். ஸுஹைல் செய்ததைப் பார்த்திருக்கிறாள்.

கந்தூரி விருந்துக்குச் சோறு வடிக்கிற பெரிய அண்டாவைப் பின்பக்கத்து அடுப்பில் ஏற்றி, அடியில் தண்ணீர் விட்டு, ஆறு கைகளையும் உள்ளே நிறுத்தி, நனைத்த சாக்கால் மூடி, மேலே தட்டைக் கவிழ்த்தாள். மத்தியானம் கழிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனால் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மூடுபனி மிளகுக் கொடிகளைத் தாண்டி முற்றம்வரை வந்துவிட்டது. கரண்டும் இல்லை. விறகின் வெளிச்சம் தகரத்தில் ஆடியது. றத்தோட்டை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு மழைத்துளி சொட்டுவதும் தண்ணீர் கொதிப்பதும் மட்டும். அவள் குந்தியிருந்து காத்துக்கொண்டிருந்தாள். முதலில் பலாப் பாலின் மணம் வந்தது. பிறகு ஈரச் சாக்கு. அதற்கும் அடியில், மெல்ல மெல்ல, வேறொன்று. காய்ச்சிய எண்ணெயும் கற்பூரமும் படுக்கையில் கிடந்த உடம்பின் புளிப்பும். இரண்டு வருடம் தினமும் காலையில் அவள் உள்ளங்கையில் இருந்த மணம்.

தட்டை நகர்த்தி, சாக்கின் ஓரத்தைத் தூக்கி, துணி சுற்றிய கையால் ஒன்றை வெளியே எடுத்தாள்.

மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் மேசைக்குக் கொண்டு போகவில்லை என்று தெரியவில்லை. சூடு சேலைக்குள்ளால் தொடையில் ஏறியது. ஸுஹைலின் கையை எப்படித் தடவிவிட வேண்டுமென்று ஆஸ்பத்திரித் தாதி அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. தோளிலிருந்து விரல்வரைக்கும், சூட்டோடு, மெதுவாக, அவசரப்படாமல். பெருவிரல்களை முதல் மடிப்பில் வைத்து அழுத்தினாள். மரம் இடம் கொடுத்தது. மரம் கொடுக்கிற மாதிரி இல்லை. மேலே மெத்தென்று, உள்ளே எலும்பு போல ஒன்று.

நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. தடவினாள்.

"எனக்குக் கேட்டிச்சு," என்றாள்.

யாரிடம் சொல்கிறோம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் மடிப்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஸுஹைல் போன அன்று புதன்கிழமை. காலையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டுவிட்டான். ஏழு தடவையும் சீவுகத்தியை வைத்துவிட்டு ஓடினாள். ஒருதரம் தலையணை, ஒருதரம் ஈ, மற்ற நேரமெல்லாம் ஒன்றுமில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். எட்டாவது தடவை கூப்பிட்டபோது ஒரு கையின் கடைசி வளைவில் இருந்தாள். இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

"கேட்டிச்சு. நீங்க கூப்புட்டுக்கிட்டே இருந்தீங்க. நான் கத்திய இன்னும் சத்தமா இழுத்தேன்."

இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. சொல்லச் சொல்லத் திறந்துகொண்டு வந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்தது, அதோடு ஒரு நப்பாசையும் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இது முழுவதும் நேராகிவிடும். ஆறும் நேராகிவிடும்.

போய்ப் பார்த்தபோது பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். வாயிலிருந்து வந்தது மூச்சை அடைத்திருந்ததைச் சொன்னாள். நல்ல கை கதவுப் பக்கமாக நீண்டு, நகத்தில் சுவரின் சுண்ணாம்பு ஏறியிருந்ததைச் சொன்னாள். தூக்கி, துடைத்து, போர்த்தி, நகத்தைக் கூடக் கழுவி, அதற்குப் பிறகுதான் மஸீனாவுக்கு ஃபோன் எடுத்ததையும் சொன்னாள்.

இரண்டாவது மடிப்பு மட்டும் அசையவில்லை. நுனி மூடியபடியே இருந்தது. எவ்வளவு தடவியும் திறக்கவில்லை.

ஒன்று மிச்சமிருந்தது. அது மஸீனாவுக்குத் தெரிந்தால் மன்னிக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது அல்ல. தொழுகையில்கூட அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பனி அடுப்பின் வெளிச்சத்தைச் சுற்றி நின்றது. விறகு வெடித்தது.

"சத்தம் நிண்ட நேரம்," என்றாள். "எனக்கு விளங்கிச்சு. ஏன் நிண்டுச்சு எண்டு விளங்கிச்சு. நான் ஓடி வரல்ல. நிம்மதியா இருந்திச்சு. அந்தக் கைய முழுசா முடிச்சிட்டுத்தான் வந்தேன்."

நுனி திறந்தது.

மெதுவாக, ஒவ்வொன்றாக. மரத்தில் விரல்கள் செதுக்கியிருக்கவில்லை. அவள் செதுக்கவில்லை. திறந்து, அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி, மூடியது.

இறுக்கமாக இல்லை. பழக்கமான பிடி. சூடாக இருந்தது. உள்ளே ஏதோ துடித்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கக் கூடாது என்று தோன்றியது. ஒருதரம் கூப்பிட்டும் போகாமல் இருந்தது போதும்.

அண்டாவின் மேல் தட்டு ஆடியது. ஒரு பக்கம் சாய்ந்து, தரையில் விழுந்து, சுழன்று, அடங்கியது. ஆவி பொங்கி முகத்தில் அடித்தது. சாக்கு உள்ளேயிருந்து மேலெழும்பியது. கொதிப்பின் சத்தத்துக்கு ஊடாக, உராய்ந்தபடி, அவள் பெயரின் முதல் ஒலி.

ற்ற்…

சாக்கு வழுகி விழுந்தது.

ஒரு மஞ்சள் கை வெளியே வந்து அண்டாவின் விளிம்பை வளைத்துப் பிடித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நாலு. எல்லாம் இடது கை. கிணற்றிலிருந்து ஏறுகிறவன் முழங்கையை ஊன்றுவது போல ஊன்றிக்கொண்டன.

ஐந்தாவது கை விளிம்பைப் பற்றியது. பாரம் ஏறியது. அண்டா அவள் பக்கமாகச் சாயத் தொடங்கியது.