குறையாத வாளி

பின்வளவில் சீனி என்ற கழுதை மென்றுகொண்டிருக்கும் சத்தம் அசர் தொழுகைக்குப் பிறகிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. வாளியில் இருந்த தவிடு மட்டும் குறையவில்லை.

அஸ்கா குனிந்து பார்த்தாள். தவிட்டைத் தட்டிச் சமப்படுத்தியபோது பதிந்த அவளுடைய விரல் தடங்கள் அப்படியே இருந்தன. கழுதையின் மூக்கு வாளிக்குள் புதைந்திருந்தது. தாடை இடமும் வலமுமாக நிதானமாக அசைந்தது. பல்லோடு பல் உரசியது. நடுவே ஒன்றும் இல்லை.

கற்பிட்டி வீதியில் டிப்பர் மோதிக் கிடந்த குட்டியை மடியில் வைத்து, கணவன் இன்ஷாப்பின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். ஊரெல்லாம் கழுதை திரியிது, இவளுக்கு மட்டும் அது வீட்டு ஆள் என்று அயல் பெண்கள் சிரித்தார்கள். அந்தக் கழுதை இன்று காலையிலிருந்து முன்காலை ஊன்றவில்லை. குளம்புக்கு மேலே கம்பி கிழித்ததுபோல் ஒரு வெட்டு. மிருக வைத்தியர் நிசாந்தி வந்து காயத்தைக் கழுவிக் கட்டினார். மாலையில் கொடுக்கச் சொல்லி நோவுக்கு ஒரு பொட்டலம் மருந்துத்தூளும் தந்துவிட்டுப் போனார்.

அஸ்கா அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். தவிட்டோடு கலந்தால் மருந்து உள்ளே போகாதே என்றாள்.

"கழுதை லேசில நோவைக் காட்டாது, அஸ்கா. தின்னுற மாதிரி நடிக்கும். ஆள் பக்கத்தில நிண்டா இன்னும் நடிக்கும். உள்ளுக்குப் போய் ஒளிச்சு நிண்டு பாருங்கோ. தனிய விட்டாத்தான் உண்மையான நோவு தெரியும். பிறகு சக்கரையில உருட்டி மருந்தக் குடுங்கோ. மனிசர் போடுற குளிசை ஒண்டும் குடுத்திடாதீங்கோ."

"ஏன் மிஸ் அது நடிக்கிற?"

"கூட்டத்தில நோவுள்ளதைத்தானே பிடிக்க வாறது முதல்ல பாக்கும்."

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியிருந்தது. அவள் குசினி விளக்கை அணைத்துவிட்டு யன்னலோரம் நின்றாள். கைக்குள் மருந்துப் பொட்டலம் வியர்வையில் ஊறியது. நாள் முழுக்க மணலை வாரி இறைத்த தென்மேற்குக் கச்சான் காற்று திடீரென்று விழுந்துவிட்டது. காற்றாலைகளின் இறக்கைகள் அசையாமல் நிற்க, அவற்றின் சிவப்பு விளக்குகள் மட்டும் தென்னைகளுக்கு மேலே கண் திறந்து கண் மூடின. கருவாட்டு வாடையும் வெங்காயத் தோட்டத்தின் ஈரமும் களப்புச் சேற்றின் புளித்த மணமும் ஒன்றாகக் கலந்து, யாரோ விட்ட மூச்சைப் போல வெதுவெதுப்பாக யன்னல் கம்பிகளுக்கு ஊடாக வந்து அவள் முகத்தில் படிந்தன.

சீனி தலையைத் தொங்கவிடும், காலைத் தூக்கி முனகும் என்று காத்திருந்தாள். அது நடிப்பை விடவில்லை. தாடை ஆடிக்கொண்டே இருந்தது.

அதன் காதுகளை அப்போதுதான் கவனித்தாள். அவை வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டும் கிடுகுக் கொட்டிலின் வாசலைப் பார்த்து விறைத்திருந்தன. தேங்காய் உரிமட்டை குவித்திருக்கும் கொட்டில். உள்ளே இருட்டு.

சீனி நோவை மறைப்பது அவளிடமிருந்து அல்ல.

வேலிக்கு அப்பால் ஊர்க் கழுதைகள் கூட்டமாக நின்றன. புல் இல்லாத வெறும் மணலில் தலையைக் குனிந்து எல்லாமே மென்றன. அவற்றுள் பின்காலை இழுத்த ஒன்று மட்டும் மெல்லுவதை நிறுத்தியது. கழுத்தை உயர்த்தியது. கத்தியது.

கத்தல் பாதியில் அறுந்தது.

ஓடும் சத்தம் இல்லை. விழும் சத்தம் இல்லை. அது நின்ற இடத்தில் வெறும் மணல். மற்றவை சிதறவில்லை. தலை தூக்கவில்லை. மென்றன.

அஸ்கா இன்ஷாப்பைத் தேடி அடுத்த அறைக்குப் போனாள். சீனியைக் கிழித்த கம்பியைத் தேடுவதாகச் சொல்லி அவன் பொழுது சாயும்போது கொட்டிலுக்குள் போயிருந்தான். திரும்பி வந்ததும் சோறு கேட்டு வாங்கினான். இப்போதும் மேசையில்தான் இருந்தான். கோப்பையில் சோறும் மீன் ஆணமும் அவள் போட்டுவைத்தபடியே இருந்தன. ஆறிய குழம்பின் மேலே ஆடை படர்ந்திருந்தது.

அவன் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

உடுத்திருந்த சாரத்தின் ஓரம் நனைந்திருந்தது. கதிரைக்குக் கீழே கறுப்பாக ஏதோ தரையில் மெல்லப் பரவியது.

"கத்தாத," என்றான் அவன், தலை நிமிராமல், மெல்லுவதற்கு இடையில். "வந்து குந்து. சோத்தப் போட்டுக்க."

"கால்ல ரெத்தம்..."

"ஒண்டுமில்ல எண்டு சொல்லு. கேக்கிற மாதிரிச் சொல்லு."

"ஒண்டுமில்ல," என்றாள் அஸ்கா, எதிரே உட்கார்ந்தபடி. குரல் நடுங்காமல் சொல்ல இரண்டாம் முறை தேவைப்பட்டது.

வெளியே சீனியின் தாடை தளர்ந்தது. ஓர் உரசல். நீண்ட இடைவெளி. இன்னோர் உரசல். அசரிலிருந்து நடித்துக் களைத்துவிட்டது. மருந்து வாய்க்குள் போனால் தாங்கும். மருந்தை உருட்ட எடுத்த சக்கரைத்துண்டு மேசையிலேயே இருந்தது. பின்கதவு எட்டும் தூரம்.

அவள் எழுந்தாள்.

மேசைக்கு அடியில் அவளுடைய கணுக்காலை ஏதோ பிடித்தது. குளிர். ஈரம். இழுக்கவில்லை. எங்கே நோகும் என்று தேடுவதுபோல் பெருவிரலால் மெதுவாக அழுத்தியது. கொஞ்சம் மேலே. இன்னும் ஆழமாக. தோல் விலகுவதை உணர்ந்தாள்.

இன்ஷாப் முதன்முறையாக அவளைப் பார்த்தான். கண்கள் நிறைந்திருந்தன. வாய் மட்டும் ஆடியது.

அஸ்கா உட்கார்ந்தாள். பொட்டலத்தை மேசையில் வைத்தாள். அவன் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்தாள்.

வெளியே மெல்லும் சத்தம் நின்றது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. சீனி கத்தத் தொடங்கியது. அவள் காலடியைக் கேட்டால் எழுப்பும் அதே குரல்.

பாதிக் குரல்.

பின்கதவுப் பக்கம் அவள் திரும்பவில்லை. எலும்பை அடைந்த விரல் அங்கே நின்று, காத்திருந்தது.

சோற்றை வாயில் வைத்தாள். மென்றாள்.