நாற்பத்தோராம் பக்கம்

கற்பிட்டி மண்டபத்தில் அந்தச் சனிக்கிழமை சட்டத்தரணிகளுக்குச் செயலமர்வு. பழைய வழக்குகளும் நீதிமன்ற நேர்மையும் என்பது தலைப்பு. இளம் சட்டத்தரணி சுஜாந்திக்கு அன்று மனம் நிறைந்திருந்தது, வயிறும்தான். அவள் இரண்டாவது துண்டு வட்டிலப்பத்தில் கை வைத்தபோது, பதிவறைக் காப்பாளர் உசனார் முகம் வெளிறி வந்து நின்றார். அவர் தேடி வந்தது அவளையல்ல, பக்கத்துக் கதிரையிலிருந்த இன்னாசிப்பிள்ளையை. நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், தொலைந்த தாள்களைக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர்.

"ஐயா, முப்பத்தெட்டாம் ஆண்டு வழக்கேட்டில நாப்பத்தோராம் பக்கத்தைக் காணல்ல. எதிரிக்காரன்ட புரொக்டர் எழுதின கடிதம். ஏட்டை என்ட கையெழுத்திலதான் வெளிய கொண்டு வந்தன். பென்சனுக்கு நாப்பது நாள்தான் இருக்கு. விசாரணை வந்தா எல்லாத்தையும் மறிச்சுப் போடுவாங்க. தொண்ணூறில மன்னாரிலயிருந்து விரட்டுப்பட்டு ஒரு பையோட வந்தவன் நான். இன்னொருக்கா வெறுங்கையோட நிக்க ஏலாது."

சுஜாந்தி வட்டிலப்பத்தைக் கீழே வைத்தாள். அந்தக் காலத்துச் சட்டத்தரணியான புரொக்டர் எழுதிய அந்தக் கடிதத்தை, இரண்டு மணி அமர்வில் வாசிக்க வேண்டியவளே அவள்தான்.

"இருங்க, உசனார். ஏட்டை எங்க வச்சீங்க?" என்றார் இன்னாசிப்பிள்ளை.

காலையில் மூத்த சட்டத்தரணி நிக்கொலஸ், எப்போது எழும்புவது, எப்போது குனிவது, எப்போது மேசையை விட்டுப் போகக்கூடாது என்று ஒன்றையும் விடாமல் இரண்டு மணித்தியாலம் பேசியிருந்தார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பிறகு அந்தப் பழைய ஏட்டை வைத்து மாதிரி வழக்கொன்று நடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஜவாஹிர் மேலே ஆசனத்தில் இருந்தார். ஏடு சட்டத்தரணிகளின் மேசையில் இருந்தது.

"சாப்பாட்டுக்கு மணி அடிச்சிச்சு. நீதிபதி ஐயா தீர்ப்பை எழுதி முடிச்சிட்டு வாறன் எண்டார். அவர் இருக்கிறார்தானே எண்டு, எல்லாரும் எழும்பேக்கயே ஏட்டை வச்சிட்டு நான் லுஹர் தொழப் போனன். திரும்பி வரேக்க யன்னலால பாத்தன், ஆசனம் மட்டும்தான் தெரிஞ்சுது. அவர் எழும்பி, தலையைக் குனிஞ்சிட்டு, வெளிய வந்தார். நான் உள்ள போகேக்க ஒருத்தரும் இல்ல, எண்ணினா ஒரு பக்கம் குறையுது."

"அப்ப நீதிபதி ஐயாதான் எடுத்திருக்கோணும். வேற ஆரும் இல்லையே" என்றாள் சுஜாந்தி. அவளுக்கு எதிலும் அவசரம்.

"சாப்பிட முதல் நீங்க பதினாலு பேரும் எங்க போனீங்க, பிள்ளை?"

"எல்லாரும் பிரியாணிக்கு ஓடினம்."

இன்னாசிப்பிள்ளை எழுந்து, சுஜாந்தியையும் கூட்டிக்கொண்டு, மரநிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஜவாஹிரிடம் போனார்.

"ஐயா, எழுதிக்கொண்டிருக்கேக்க ஏட்டுக்குக் கிட்ட ஆரும் வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல்ல."

"எழும்பேக்க ஆருக்குத் தலை குனிஞ்சீங்க?"

ஜவாஹிர் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "மேசையில நின்ட கறுப்புக் கோட்டுக்கு. எப்பவும் ஒருத்தர் நிப்பார்தானே. வாசிக்கிற கண்ணாடியோட முகம் தெரியல்ல."

சுஜாந்தி வாயைப் பிளந்தாள். திரும்பி நடக்கையில் இன்னாசிப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்:

"காலி மேசைக்கு எந்த நீதிபதியும் குனியமாட்டார், பிள்ளை. நீதிபதி ஆசனத்தில இருக்கும்வரைக்கும் ஒரு சட்டத்தரணியாவது மேசையில இருக்கோணும். அது பழைய முறை. அவர் வரல்ல, அங்கேயே இருந்தவர். அதான் நீதிபதி அவரைக் கணக்கில எடுக்கல்ல. சரி, மாதிரி வழக்கில அந்த முறையை நீங்க ஆராவது கடைப்பிடிச்சீங்களா?"

"எங்களுக்கு ஞாபகமே வரல்ல."

மேசைக்கு வந்து இன்னாசிப்பிள்ளை ஏட்டைப் புரட்டினார்.

"ஞாபகம் வாறவர் ஒருத்தர்தான், காலையில அதைப் பற்றியே பேசினவர். களவெடுத்த தாளைப் பையில வச்சுக்கொண்டும் அவருக்கு மேசையை விட்டுப் போக மனம் வரல்ல. அடுத்த பக்கத்தில புரொக்டர்ட பேர் இருக்கு, பாருங்க. சந்தியாம்பிள்ளை. நிக்கொலஸ்ட தகப்பன்."

நிக்கொலஸ் மண்டபத்தின் பின்புறம் தொடாத சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தார். இன்னாசிப்பிள்ளை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தார். நிக்கொலஸே கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் தாளை எடுத்தார்.

"அப்பாட கட்சிக்காரர், மாம்புரி மீனவர் ஒருத்தர், ரெண்டு வருசம் மறியல்ல அடைபட்டுக் கிடந்தார். சாட்சிக்காரன் பொய் சொல்லுறான் எண்டு அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். நான் இண்டைக்குத்தான் கண்டன்."

"உசனார்ட பென்சன்?"

"அதை யோசிச்சாப் பிறகுதான் சோறு இறங்கல்ல" என்றார் நிக்கொலஸ். வெட்கத்தோடு தட்டைத் தள்ளி வைத்தார்.

இரண்டு மணிக்கு அவர் எல்லார் முன்னிலையிலும் தாளை உசனாரின் கையில் கொடுத்தார். பிறகு அவரிடமே அனுமதி கேட்டு வாங்கி, தகப்பனின் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

"நான் இண்டைக்குச் செய்ததையும் இந்தப் பாடத்தில சேர்த்துக்கொள்ளுங்க" என்றார். "உசனார், முறைப்பாடு எழுதுங்க. நான் கையெழுத்து வைக்கிறன்."

உசனார் ஒவ்வொரு பக்கமாக எண்ணினார். மண்டபமே காத்திருந்தது. கடைசிப் பக்கம்வரை எண்ணிவிட்டு ஏட்டைக் கட்டினார்.

"எல்லாப் பக்கமும் இருக்கு, சேர். நான் அதைத்தான் எழுதுவன்" என்றார். பிறகு சுஜாந்தியிடம் மெதுவாக, பிரியாணி ஏதும் மிச்சமிருக்கா என்று கேட்டார்.