பெல்ட் போட்ட திருடன்

"ஐயோ...!"

மெக்கானிக் போட்ட அலறலில் பட்டறைக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவள் கண்ணில் பட்டது ஓர் எண்ணெய்க் கறை மட்டும்.

அதன் மேல் நின்ற கார் இல்லை!

அறுபது வருடப் பழைய கார். அதைவிட... இன்ஸ்பெக்டர் அம்மா கொண்டுவந்து விட்ட கார்! புருஷன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, ரகசியமாக சீட் பெல்ட் போடச் சொல்லி ஒப்படைத்திருந்தார்.

பட்டறை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விஷயம் வெளியே போனால் இனி ஒருத்தரும் சைக்கிளைக்கூட நம்பி விடமாட்டார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

போனை எடுத்தாள்.

"மேடம்... உங்க கார்..."

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"காணோம் மேடம்!"

சற்று நேரத்தில் ஜீப் வாசலில் வந்து நின்றது.

"சாவி எங்க?"

"என் பையிலதான் இருக்கு!"

"அப்போ கள்ளச்சாவி! கை தேர்ந்தவன்..." இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "அந்தக் கார் எங்க வீட்டுக்காரருக்கு உசுரு. அவர் வர்றதுக்குள்ள கிடைக்கலைன்னா நானும் காணாமப் போயிட வேண்டியதுதான்!"

அப்போது...

தெருக்கோடியிலிருந்து ஹாரன் சத்தம். விடாமல்!

இருவரும் ஓடினார்கள்.

விளக்குக் கம்பத்தில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது கார். உள்ளே, தொப்பியால் முகத்தை மறைத்த ஓர் உருவம்!

"கையைத் தூக்குடா!" இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார்.

"தூக்கறேன்... தூக்கறேன்! முதல்ல இந்த பெல்ட்டைக் கழட்டுங்க!"

தூக்கிய கை பட்டுத் தொப்பி விழுந்தது.

இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது.

"ஏங்க... நீங்களா?!"

இன்ஸ்பெக்டரின் சொந்தப் புருஷன், பல் டாக்டர், அசடு வழிந்தார்.

"மாநாடு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. வந்து பார்த்தா ஷெட் காலி. பக்கத்து வீட்ல விஷயத்தைச் சொன்னாங்க. பெல்ட்டுக்காக என் கார்ல துளை போடுறதான்னு... என்கிட்ட இருந்த சாவியை எடுத்துட்டு வந்து..."

"வாயைத் திறந்து என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"உன்கிட்ட வாயைத் திறந்து யாரு ஜெயிச்சாங்க?"

"சரி, பிடிக்காத பெல்ட்டை எதுக்கு மாட்டினீங்க?"

"வழியில ட்ராஃபிக் போலீஸ் நின்னாரு. பயத்துல மாட்டிட்டேன். திடீர்னு ஒரு நாய் குறுக்க வந்துச்சு... ஸ்டியரிங்கை ஒடிச்சேன்... டமால்! பெல்ட் கழலல, கத்திக் கத்திப் பார்த்துட்டுத்தான் ஹாரனை அமுக்கினேன்!"

மெக்கானிக் குனிந்து பெல்ட்டைப் பிடித்திருந்த போல்ட்டைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அடியில தகடு வெச்சு முடுக்கினது... அசையவே இல்ல மேடம்! இது மட்டும் இல்லன்னா சாரோட முன்பல்லு அத்தனையும் ஸ்டியரிங்லதான் இருந்திருக்கும்!"

டாக்டர் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன.

"பின் சீட்டுக்கும் போட்டுடும்மா..." என்றார் ஈனஸ்வரத்தில். "ஆனா இது ஏன் கழல மாட்டேங்குது?"

"பட்டனுக்குள்ள ஸ்பிரிங் இன்னும் போடல சார். இழுத்துப் பார்த்து, தாங்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் போடுவேன். இதோ, ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்!"

"நில்லு!"

இன்ஸ்பெக்டர் மறுபக்கக் கதவைத் திறந்து, புருஷன் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"கல்யாணம் ஆனதிலேருந்து இந்த மனுஷன் அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உட்கார்ந்து நான் சொல்றதைக் கேட்டதில்ல. ஸ்பிரிங்கை நீ நாளைக்குக் கொண்டு வா... போதும்!"