மூன்றாம் ஓலைக்கு முன்

1994 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைப் பகல், பாளையங்கோட்டையில் அத்தான் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கிருபைராஜ் அத்தான் பிரம்பு நாற்காலியில். அவருக்கு நிச்சயித்திருந்த என் தங்கை ரீபா, விற்பனைக்கு வைத்த கட்டிலின் ஓரத்தில். பழைய சாமான் எடுக்கும் முகம்மது இப்ராஹிம் தரையில், ரெக்கார்டு பிளேயர் பக்கத்தில். நான் வாசலில்.

என் அக்கா கிரேஸ் அத்தானின் முதல் மனைவி. மூச்சிழுப்பு வந்து இறந்தாள் என்றார்கள். போன ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் சாமான்களை விற்றுவிட அத்தான் அவசரப்பட்டார்.

இப்ராஹிம் எந்த இசைத்தட்டையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கீர்த்தனைத் தட்டுகளுக்கு நடுவில் ஒன்று வந்தது. அட்டையில் கண்மூடிப் பாடும் ஒரு கறுப்பினப் பெண். சோல் என்று சொல்லும் உருக்கமான அமெரிக்கப் பாட்டு.

"கீர்த்தனைக்கு நடுவுல இந்தம்மா எப்படி வந்தாவ, அண்ணாச்சி?"

"எங்க வீட்டுல இது கிடையாதே வே."

ஊசி இறங்கியது. அடிவயிற்றிலிருந்து எழுந்த குரல். பாஷை புரியாமலே ரீபாவின் கண் கலங்கியது. ஷெட்டில் யூகலிப்டஸ் தைலம் மணத்தது. அக்கா நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலம்.

பாட்டு நின்றது. தட்டு சுற்றியது.

யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

"தலையணைய எடுங்க அத்தான்... மூச்சு முட்டுது..."

அக்காவின் குரல்.

"நிறுத்துலே!" அத்தான் அலறினார். இப்ராஹிம் பிளக்கைப் பிடுங்கினார்.

தட்டு நிற்கவில்லை.

"கோயில்ல தடை உண்டான்னு கேட்டாவல்லா? எனக்கு உண்டு. இனி உங்களுக்கு முட்டட்டும்."

அத்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இழுப்பே அறியாத மனிதரின் நெஞ்சு விசிலடித்தது. தண்ணீர்க் கூஜா ரீபாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் தொடவில்லை.

"அண்ணே, பைய போயிருவோம்," என்றாள்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். படுக்கையில் கிடந்தபடியே கல்யாணத்தை நடத்தச் சொன்னார். அப்பாவும், "ரெக்கார்டு பேசிச்சாம்! ஊரு சிரிக்கும்லே," என்று ஒதுக்கிவிட்டார். இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதும் வாசித்துவிட்டால் ரீபா அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். எழுத்தில் தடை வந்தால் மட்டுமே குருவானவர் நிறுத்துவார்.

செவ்வாய்க்கிழமை காலை, கேட்டதைக் கேட்டபடி குருவானவருக்கு எழுதி, கையெழுத்திட்டு உறையில் வைத்தேன். உறையில் கோந்து காய்ந்து போயிருந்தது. ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது உறை ஒட்டியிருந்தது.

ஒட்டிய ஓரத்தில் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை; யூகலிப்டஸ் தைலம் மணத்தது.

பருக்கையைக் காக்கைக்கு வீசிவிட்டு, உறையைக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.