மடித்து வைத்த மூன்றாம் பக்கம்

நான்கு மாதங்களுக்கு முன் பதித்த கட்டைவிரல் ரேகைகள் இன்னும் காயவில்லை. சியோனே ஒப்புதல் படிவத்தை ஒற்றுத்தாளால் அழுத்தினாள். நீலம் மறுபடியும் கசிந்தது.

மலாவி ஏரிக்கரையில் இருந்த அந்தக் காய்ச்சல் மருந்து ஆய்வு நிலையத்தில் அவளுக்குச் சாட்சி வேலை. எழுத்தறியாதவர்களுக்குப் படிவத்தை உரக்க வாசித்து, அவர்கள் ரேகை வைத்தபின் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். சோள நடவு நேரம், வரிசையோ நீளம். இரண்டு பக்கங்களை வாசித்தாள். இதயம் நின்றுபோகலாம் என்று எச்சரித்த மூன்றாம் பக்கத்தை மடித்துவிட்டு, ஆளுக்கொரு சோப்புக்கட்டி கொடுத்தனுப்பினாள்.

அந்தச் சோதனை மருந்தைச் சாப்பிட்டு, அவர்களில் பதினொரு பேர் இறந்துபோனார்கள்.

இயக்குநர் கம்வெண்டோ ஒரு தாளை நீட்டினார். "எல்லாருக்கும் முழுசா வாசிச்சேன்னு ஒரு கையெழுத்து போடும்மா. நெறிமுறைக் குழு இப்ப வந்துரும். நாளைக்குத் தீவுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட ரேகை வாங்கப் படகு போகணும்."

"பதினொரு பேர் செத்திருக்காங்க, ஐயா. குழு கேட்டா?"

"அவங்களா? போன தடவ, சம்போ மீனை எங்க வாங்குனீங்கன்னுதான் கேட்டாங்க!"

கையொப்பமிட்டாள். குழு வந்தது, மீனைத் தின்றது, அனுமதி தந்துவிட்டுப் போனது.

மாலை மழை தகரக் கூரையில் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்க, ஏரிச்சேற்றின் வாடையோடு நுரைக்காத சோப்பின் மணமும் கலந்து கதவிடுக்கு வழியே மெல்ல உள்ளே வந்து அவள் மேசையருகே தங்கியது. தாழ்வாரத்துப் பெஞ்சு கிறீச்சிட்டது. ஒருமுறை. பிறகு பலமுறை, ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விடுவதுபோல.

"அம்மா," என்றது ஒரு பெண்குரல், "அந்த மூணாம் பக்கத்தக் கொஞ்சம் வாசிக்கிறீங்களா? அவசரமில்ல. இனி எங்களுக்கு என்ன நடவு?"

யாரோ சிரித்தார்கள்.

சியோனே படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அச்சம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. பெஞ்சில் பதினொரு பேர். மடியில் உறை பிரிக்காத சோப்பு. அவள் மடிப்பை நீவி, வாசிக்கத் தொடங்கினாள்.

பாதியில் நிமிர்ந்தாள்.

பெஞ்சு அங்கே முடியவில்லை. பதினொன்றாம் ஆளுக்கு அப்பால் சின்னக் கால்கள். தரைக்கு எட்டாதவை. பள்ளிச் சீருடை.

படகு நாளைக்குத்தானே.

ஒவ்வொரு குட்டிக் கட்டைவிரலிலும் ஈர நீலம்.