நிற்காத மிஷினும் ஒற்றைச் சிறகுக் கிளியும்

ஆஃப்ரீனுக்கு ஆறு வயது. அன்று காலையில் அவளுக்கு ஒரே ஒரு சிறகுதான் இருந்தது.

அந்த ஒரு சிறகையும் இடது தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது தோள் வெறுமனே இருந்தது. மாலை ஆறு மணிக்குத் தெருமுனை மண்டபத்தில் விஜயதசமி விழா. அதில் எட்டுக் குழந்தைகள் கிளிகளாக ஆடப் போகிறார்கள். ஏழு கிளிகளுக்கும் இரண்டிரண்டு சிறகுகள் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. எட்டாவது கிளிதான் ஆஃப்ரீன்.

அது நிஷாவின் வீடு. நிஷா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா மேகலாதான் சிறகுகளைத் தைப்பவள். ராயப்பேட்டையில் அந்தச் சந்தில் யாருக்கு ஜாக்கெட் வேண்டும் என்றாலும், பள்ளிச் சீருடை வேண்டும் என்றாலும் மேகலாவிடம்தான் வருவார்கள். தனியாகக் கடை எதுவும் இல்லை. முன்னறையில் ஒரு தையல் மிஷின், அதன் பக்கத்தில் பொருத்திய சின்ன மோட்டார், மேசைக்கு அடியில் ஒரு பெடல். பெடலைக் காலால் அழுத்தினால் மிஷின் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். எட்டு வருடமாக அது சொன்ன பேச்சு கேட்கும் மிஷினாகத்தான் இருந்தது.

ஒரு சிறகுக்கு நாற்பது இறகுகள். பச்சைத் துணியை மாவிலை போல வெட்டி, வரிசை வரிசையாக அடுக்கித் தைக்க வேண்டும். மேகலா எல்லாவற்றையும் வெட்டி வைத்துவிட்டாள். அதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது. ஆயுதபூஜை அன்று மிஷினுக்கு விடுமுறை. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் வெல்லமும் படைத்துக் கும்பிடுவார்கள். மறுநாள் விஜயதசமியன்று மறுபடியும் ஓட்டுவார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறகை அப்போது இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது மேகலாவின் எண்ணம்.

காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டுப் பெடலை அழுத்தினாள். மிஷின் கடகடவென்று ஓடியது. இரண்டு இறகுகள் தைத்ததும் காலை எடுத்தாள்.

மிஷின் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிப் போய் மேகலாவின் புடவைத் தலைப்பையும் சிறகோடு சேர்த்துத் தைக்கத் தொடங்கியது.

"இன்னாடி இது, காலை எடுத்துட்டேன், இன்னும் ஓடிக்கினு கீது" என்று மேகலா பதறினாள்.

நிஷா பாய்ந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். அம்மாவின் விரல் ஊசிக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை அவள் பார்த்திருந்தாள்.

தலைப்பைப் பிரித்து எடுத்த பிறகு மறுபடியும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். மேகலா இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்போதும் மிஷின் ஓடியது. மேகலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மிஷின் பழுது பார்க்கும் தணிகாசலத்துக்குப் போன் செய்தாள். அவர் பெயருக்கு ஏற்றபடி குடும்பத்தோடு திருத்தணிக்குப் போயிருந்தார். மோட்டார் போயிருக்கும் என்றும், நாளைக்கு வந்து புதிது மாட்டித் தருகிறேன் என்றும், அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம் என்றும் மலைப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

நாளைக்கு வந்து என்ன பயன்? விழா இன்றைக்கு. மற்ற தையல் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. மீதியிருக்கும் முப்பத்தெட்டு இறகுகளையும் கையால் தைத்தால் விழா முடிந்து பந்தல் பிரிக்கிற நேரம் ஆகிவிடும். ஆஃப்ரீனின் அம்மா அன்வரி பேகம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்தரை மணிக்குத்தான் வேலை முடியும், நேராக மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, மகளை மேகலாவை நம்பி விட்டுப் போயிருந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கால் வைக்காமலே மிஷின் ஓடும் செய்தி பத்து நிமிடத்தில் சந்து முழுக்கப் பரவியது.

முதலில் மாடி வீட்டு வேதாந்தம் மாமா இறங்கி வந்தார். ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார். பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாட்சாத் சரஸ்வதியே வந்து தெச்சுண்டிருக்கா மேகலா. இனிமே யாரும் இதைத் தொடப்படாது" என்று சொல்லிவிட்டு, மேலே போய் ஒரு முழம் மல்லிகையும் தேங்காயும் கொண்டு வந்தார்.

அடுத்தது தெருமுனையில் மீன் விற்கும் வேலம்மா. மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சரசுவதியாவது ஒண்ணாவது. இது காத்து கருப்பு வேலை. நீ கிட்ட போவாத மேகலா" என்றார். மிளகாயோடு கோத்த எலுமிச்சம்பழம் ஒன்று எங்கிருந்தோ வந்தது.

சாமிதான் என்று அவரும் பேய்தான் என்று இவரும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். இதற்கு நடுவில் மிஷின் தலையில் மல்லிகைப் பூவையும் கழுத்தில் எலுமிச்சம்பழத்தையும் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. வேடிக்கை பார்க்கப் புதிதாக யார் வந்தாலும் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

நிஷா ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்தாள். வெட்டுத் துணியில் மிஷின் போட்ட தையல் பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து போனது. சரஸ்வதி தைத்தால் இவ்வளவு கோணலாகவா இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சுவிட்சை அணைச்சா நின்னுடுதே. சாமிக்கும் பேய்க்கும் கரண்டு வேணுமா?" என்று கேட்டாள்.

வேதாந்தம் மாமா தொண்டையைச் செருமினார். வேலம்மா சற்று யோசித்துவிட்டு, இந்தக் காலத்துப் பேய் அப்படித்தான் என்றார்.

மத்தியானம் ஆகிவிட்டது. ஆஃப்ரீன் படியை விட்டு நகரவே இல்லை. சிறகு கசங்கிவிடும் என்று சுவரில் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். நிஷா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிஷாக்கா, ஒரு றெக்கை வெச்சுக்கினு ஆடுனா ஆட்டத்துல சேர்த்துப்பாங்களா?"

நிஷாவுக்கு ஆமாம் என்று பொய் சொல்லவும் மனமில்லை, இல்லை என்று உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்ததால்தான் அது கண்ணில் பட்டது. எறும்புகள். வாசற்படி ஓரமாக ஒரு வரிசை கிளம்பி, சுவரோரமாகப் போய், மேசைக்கு அடியில் நுழைந்தது. எல்லாரும் மேலே மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறும்புகளுக்கு மிஷின் மேல் எந்த அக்கறையும் இல்லை. அவை நேராகப் பெடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

நிஷாவுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது.

பூஜையன்று பொட்டு வைக்கும் வேலை அவளுடையது. மிஷினுக்கு வைத்தாள். கத்திரிக்கோல், அளவெடுக்கும் டேப், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்தாள். கடைசியில் மேசைக்கு அடியில் இருந்த பெடலைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. வருடம் முழுக்க மிதி வாங்குவது அதுதான், அதற்கு மட்டும் ஒன்றும் இல்லையா என்று நினைத்தாள். அதனால் அதற்கென்று தனியாக ஒரு வெல்லக் கட்டி எடுத்து, மிதிபட்டுவிடக் கூடாதே என்று மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் செருகிவைத்தாள். நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் மழைக்கால ஈரத்தில் வெல்லம் கசியும் என்று அவள் நினைக்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது? அறை முழுக்க ஆட்கள். அம்மா திட்டுவாள். சந்தே சிரிக்கும். நாளைக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் கதை போகும். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அப்போது ஆஃப்ரீனின் வெறும் தோள் கண்ணில் பட்டது.

எழுந்தாள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது சாமியும் இல்ல, பேயும் இல்ல. நான்தான்."

நிஷா மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பெடலை வெளியே இழுத்தாள். விரலால் அழுத்தினாள். கீழே போன மேல்தட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது. கையால் பிடித்துத் தூக்கியபோது சப்பென்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே வந்தது. யாரோ காலால் அழுத்திக்கொண்டே இருப்பதாக மிஷின் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். வெல்லக் கட்டி விஷயத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

வேதாந்தம் மாமா மூட்டு வலியையும் மறந்து குனிந்தார். வேலம்மாவும் குனிந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"பெடலுக்குப் படையலா?" என்றார் மாமா.

வேலம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேகலா மட்டும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பயமெல்லாம் இறங்கியதில் அவளுக்குத் திட்டக்கூட வரவில்லை.

"பொட்டு மட்டும் வெச்சிருக்கலாம் இல்ல? சரி, ஸ்க்ரூ டிரைவரை எட்றி" என்றாள்.

பெடலின் அடித்தட்டைக் கழற்றினார்கள். உள்ளே வெல்லப்பாகு நூல் நூலாக ஓடியிருந்தது. எறும்புகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. மீதி வெல்லத்தைச் சுரண்டி எடுத்த நிஷா, அதை ஒரு காகிதத்தில் வைத்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பின. மேகலா துணியை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து பாகைத் துடைத்தாள். பிறகு காய்ந்த துணியால் நாலு தடவை துடைத்தாள். ஈரம் சுத்தமாகப் போகும் வரை கரண்டு கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

காய வைக்கத்தான் நேரம் ஆனது. யாரும் தொடப்படாது என்று சொன்ன அதே வேதாந்தம் மாமா, பெடலுக்கு முன்னால் உட்கார்ந்து பனையோலை விசிறியால் ஒரு மணி நேரம் வீசினார். கை மாற்றிவிட வேலம்மா வந்தபோதும் தரவில்லை.

நாலு மணிக்குப் பெடலைப் பூட்டிப் பிளக்கைச் செருகினார்கள். மிஷின் சும்மா இருந்தது. மேகலா மெதுவாகக் காலை வைத்து அழுத்தினாள். ஓடியது. காலை எடுத்தாள். நின்றது. இன்னொரு முறை அழுத்தி எடுத்தாள். அப்போதும் நின்றது.

நிஷா இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மேகலா தைத்துக்கொண்டே போனாள். ஐந்தே முக்காலுக்குக் கடைசி இறகும் ஏறியது. வலது தோளில் சிறகைக் கட்டிவிட்டதும் ஆஃப்ரீன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மண்டபத்துக்கு ஓட்டமாக ஓடினாள். நிஷாவும் மேகலாவும் பின்னால் ஓடினார்கள்.

மண்டபத்தில் அன்வரி பேகம் முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். எட்டுக் கிளிகள் மேடைக்கு வந்தன. ஆஃப்ரீன் பாதி ஆட்டத்தை மறந்துவிட்டாள். மற்ற கிளிகள் குனிந்தபோது இவள் நிமிர்ந்தாள், அவை உட்கார்ந்தபோது இவள் குதித்தாள். ஆனால் சிறகை மட்டும் ஒரு நொடிகூடத் தாழ்த்தவில்லை.

பாட்டு முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஏழு கிளிகள் வரிசையாக இறங்கிப் போயின. எட்டாவது கிளி இரண்டு சிறகுகளையும் அகல விரித்துக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் ஓரமாகக் காத்து நின்றார்கள்.

அவளைக் கூட்டி வர நிஷா எழுந்தாள். மேகலா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உடு. அதான் ரெண்டு றெக்கையும் கீதே. இன்னொரு சுத்து பறக்கட்டும்."