ஏழு கீரைத் தொட்டி

பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு கொனோமி இருபத்தாறு நாள்கள் தண்ணீர் ஊற்றினாள். இருபத்தேழாம் நாள் அதிலிருந்த செடிகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள்.

தொட்டி தொகாவா மாமாவுடையது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். தனியாக இருப்பவர். பல வருடங்கள் பணிமனையில் நின்றபடியே கப் நூடுல்ஸ் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர். போன வருடத் தொடக்கத்தில் மருத்துவர் அவரை நன்றாகத் திட்டி அனுப்பினார். அதன் பிறகு அவர் தினமும் நடந்தார். மெதுவாகச் சாப்பிட்டார். பால்கனியில் ஒரு நீளத் தொட்டி வாங்கி வைத்தார்.

வசந்தத்தில் அதில் லெட்யூஸ் வந்தது. கோடையில் வெள்ளரிக்கொடி வலையில் ஏறியது. காய்களை பால்கனித் தடுப்புக்கு மேலே நீட்டுவார்.

"இந்தா கொனோமி, புடி. கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும், எங்க பஸ் ரூட்டு மாதிரி."

இலையுதிர் காலத்தில் வேறு ஏதோ விதைத்தார். என்ன என்று கேட்டதற்கு, "ஜனவரியில பாரு" என்றார்.

டிசம்பரில் அவர் வயிற்றில் அறுவை சிகிச்சை. வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, டாக்ஸி காத்திருக்க, கொனோமியைக் கூப்பிட்டார்.

"தொட்டிக்கு மட்டும் தண்ணி ஊத்திடு. அதுல இருக்கற எல்லாத்துக்கும்."

"சரி மாமா."

ஊற்றினாள். ஒரு நாள்கூட விடவில்லை.

வருடக் கடைசியில் கட்டடம் முழுக்கப் பெரிய துப்புரவு நடந்தது. எல்லா வீட்டிலும் ஜன்னல் துடைத்தார்கள். அம்மா கொனோமிக்கும் தம்பி ரிக்குவுக்கும் பழைய துணி கொடுத்து, பால்கனியைத் துடைக்கச் சொன்னாள். துடைத்து முடித்ததும் கொனோமிக்கு மாமாவின் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பவர் வீட்டுக்கு மட்டும் புத்தாண்டு அழுக்கோடு வர வேண்டுமா?

அவர் பால்கனியையும் கூட்டித் துடைத்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். டர்னிப்பும் முள்ளங்கியும் ஒழுங்காக நின்றன. அவற்றைச் சுற்றிலும் ஒரே குழப்பம். ரம்பப் பல் போன்ற இலைகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. சின்ன வட்ட இலைகள் படர்ந்திருந்தன. நரைத்த பஞ்சு போல ஒன்று. பள்ளி வேலியோரம் முளைப்பவைதான். துப்புரவு நாளில் ஆசிரியை பிடுங்கச் சொல்பவை.

"எல்லாம் களை" என்றாள்.

"இதுல பூ வருமாக்கா?" ரிக்கு கேட்டான். அவனுக்கு ஆறு வயது.

"களையில என்னடா பூ?"

மல்லித்தழை போன்ற ஒன்றின் முன்னால் மட்டும் அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் பிடுங்கினாள். தொட்டி பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை, அந்த வருடத்தின் கடைசிக் குப்பை வண்டி வந்து போனது.

ஜனவரி நான்காம் தேதி அம்மா அவர்களைக் கடைக்கு அழைத்துப் போனாள். கீரைகள் இருக்கும் பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஏழு கீரைக் கஞ்சிக்கான கீரைகள்.

"புத்தாண்டுன்னு மூணு நாளா மோச்சிக் கொழுக்கட்டையா தின்ன வயித்துக்கு இதான் மருந்து" என்று ஒரு பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, அம்மா மீன் வாங்கப் போனாள்.

ரிக்கு பெட்டிகளை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, நீ குப்பையில போட்டதை இங்க விக்கிறாங்க."

"சும்மா இருடா."

ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள். அட்டையில் ஏழு படங்கள் இருந்தன. ஒன்று டர்னிப், ஒன்று முள்ளங்கி. மற்ற ஐந்தில் ரம்ப இலை இருந்தது. வட்ட இலை இருந்தது. பஞ்சு இலை இருந்தது. மல்லித்தழை போன்றதும் இருந்தது.

வருடா வருடம் ஏழாம் தேதி காலையில் அவள் இந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறாள். கிண்ணத்தில் பச்சைத் துணுக்குகளாகத்தான் பார்த்திருக்கிறாள். முழுச் செடியாகப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள். "தொகாவா போன் பண்ணாரு. ஆறாம் தேதி வந்துடுவாராம். தானே வளர்த்த ஏழு கீரையில கஞ்சி வைக்கப் போறாராம். ஆஸ்பத்திரியில படுத்துகிட்டு அதையேதான் நெனச்சுகிட்டு இருந்தாராம். உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காரு."

கொனோமி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பை கனமாக இல்லை.

கடையில் வாங்கிய கீரையைத் தொட்டியில் நட முடியுமா என்று பார்த்தாள். வேரை நறுக்கியிருந்தார்கள்.

மறுநாள் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரிக்குவைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனாள். ரிக்கு கையில் மணல் தோண்டும் கரண்டி. புல் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. குனிந்து தேடத் தேட, நடுவில் பச்சை தெரிந்தது.

"இது?" என்றான் ரிக்கு.

"அது புல்லு."

"இதுவும் பச்சையாத்தானே இருக்கு."

ரம்ப இலை கிடைத்தது. வட்ட இலையும் பஞ்சு இலையும் கிடைத்தன. தண்ணீர் ஓரமாக, மல்லித்தழை போலவே ஒன்று நின்றது. அட்டைப் படத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது கிடைக்கவே இல்லை.

"இங்க நாயெல்லாம் ஒண்ணுக்குப் போகும்" என்றான் ரிக்கு.

"கழுவிடலாம்."

"மாமாகிட்ட சொல்லிடலாமே அக்கா."

"நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லக்கூடாது. சரியா?"

அவன் தலையாட்டினான். மண்ணோடு பெயர்த்து வந்த நான்கு செடிகளை அவள் மாமாவின் தொட்டியில் நட்டாள். விரலால் மண்ணை அழுத்தும்போது, முன்பு பிடுங்கிய குழிகள் இன்னும் லேசாகத் தெரிந்தன.

ஆறாம் தேதி இருட்டும் நேரத்தில் தொகாவா மாமா வந்தார். மெலிந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போய், தொட்டியின் முன்னால் உட்கார்ந்தார். கொனோமியும் ரிக்குவும் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"செத்துப்போயிருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார். "பனி அப்படிக் கொட்டுச்சே. நீ பெரிய ஆளும்மா. ஒண்ணுதான் போயிடுச்சு, மத்ததை என்னைவிட நல்லா வளர்த்திருக்கே."

கொனோமி தடுப்பிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"ரிக்குவும் கூட வந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

ரிக்கு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு உணவுக்கு உட்கார்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. டக், டக், டக். அந்தக் கஞ்சிக்கு முதல்நாள் மாலையே பலகையில் தட்டித் தட்டிக் கீரை நறுக்க வேண்டும். நறுக்கும்போது பறவை விரட்டும் பாட்டுப் பாட வேண்டும். மாமாவும் பாடினார்.

"பஸ் ஹாரன் மாதிரி இருக்கு" என்றான் ரிக்கு.

அம்மா சிரித்தாள். "பாடட்டும் பாவம். எவ்ளோ நாள் காத்திருந்தாரு. தொட்டியில வளர்த்ததுனா பயமில்ல. சில பேரு ஓடைக்கரையில போய்ப் பறிப்பாங்க. வருஷா வருஷம் அதைத் தின்னுட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா விஷம்."

"எது அதே மாதிரி இருக்கும்?" கொனோமி கேட்டாள்.

"தண்ணியோரமா இருக்குமே, மல்லித்தழை மாதிரி."

கொனோமி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். எழுந்து ஓடினாள். அம்மா கூப்பிட்டது வாசல்வரை கேட்டது.

மாமா கதவைத் திறந்தார். இடுப்பில் ஏப்ரன், கையில் கத்தி.

"என்ன, பாட்டு அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"நறுக்காதீங்க மாமா. சாப்பிடாதீங்க. அதெல்லாம் ஓடைக்கரையில இருந்து நான் கொண்டுவந்து நட்டது. ஒண்ணு விஷச்செடியா இருக்கலாம். எனக்குத் தெரியல."

மாமா அவளைப் பார்த்தார். திரும்பிப் பலகையைப் பார்த்தார். நறுக்கியதையெல்லாம் ஒரு பையில் தள்ளி இறுக்கிக் கட்டினார். கத்தியையும் பலகையையும் இரண்டு முறை கழுவினார். அவர் முதுகு மட்டும்தான் கொனோமிக்குத் தெரிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"அப்ப என்னோடது பனியில போயிடுச்சு போல. அதுக்கு நீ என்ன பண்ணுவே? எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வேற தேடிக் கொண்டுவந்து வச்சிருக்கே. சமயத்துல வந்தும் சொல்லிட்டே. போதும், அழாத."

தலையை ஆட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும்.

பின்னாலேயே ஓடிவந்த ரிக்கு வாசலில் நின்றான். ஒரு காலில்தான் காலுறை இருந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தான். சொல்லக்கூடாது என்று அவள் சொன்னதால், வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

மாமா பால்கனிக்குப் போய் டர்னிப்பையும் முள்ளங்கியையும் இழுத்து எடுத்து வந்தார்.

"ரெண்டு இருக்கே. வெட்டுனது போக என் வயித்துல மிச்சம் இருக்கற இடத்துக்கு ரெண்டு கீரையே ஜாஸ்தி. இந்தா, கழுவு. காலையில மூணு பேரும் கஞ்சி குடிக்கலாம்."

டர்னிப்பை அவள் கையில் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் விரல்கள் விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. மண் கரைந்து போய், வெள்ளையாக, உருண்டையாக அது தெரிந்தது. சுத்தமான பிறகும் அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"மாமா."

"ம்."

அவள் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் போய்விடக் கூடாது.

"பனியில போகல மாமா. அஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் களைன்னு நெனச்சுப் பிடுங்கிப் போட்டுட்டேன்."